சுவிசேஷகர் சொல்லாமல் விட்டவை

மெல் கிப்ஸன் இயக்கிய 'தி பாஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' என்னும் திரைப்படம் 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி, தவக்காலத்தின் தொடக்க நாளாகிய சாம்பல் புதனன்று வெளியாயிற்று. ஏறக்குறைய 3 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படம் 60 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது என்பது வியாபாரச் செய்தி. கோடிக்கணக்கான கிறிஸ்தவர்களின் மனத்தில் இயேசுவின் கடைசி 12 மணி நேரம் எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படமே சித்திரமாக நிலைத்துவிட்டது என்பது அதைவிட முக்கியமான செய்தி. தவக்காலம் வந்தால் அதைப் போட்டுப் பார்த்துக் கண்ணீர் சிந்தும் குடும்பங்கள் நம்மிடையிலும் உண்டு. அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆயினும் அது எந்தக் கிரந்தத்திலிருந்து பிறந்த கண்ணீர் என்ற கேள்வியைக் கேட்காமல் இருப்பது, கலைக்கும் நியாயம் ஆகாது, வேதத்துக்கும் நியாயம் ஆகாது என்பதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். வேத நூலைத் திரைக்குக் கொண்டுவருகிறவன் மூலத்தில் இல்லாத எதையும் சேர்க்கக்கூடாது என்று விதிப்பது நடவாத காரியம். சுவிசேஷங்களில் இயேசுவின் உயரமோ நிறமோ குரலோ வர்ணிக்கப்படவில்லை. நடிகர் ஒருவரை நிறுத்திய அந்தக் கணத்திலேயே இயக்குநர் மூலத்தை விட்டு விலகிவிடுகிறார். ஆகவே விலகல் குற்றமன்று. எவ்விடத்தில் விலகுகிறார், எதன் பொருட்டு விலகுகிறார், விலகியதை விலகல் என்று பார்ப்போருக்குத் தெரியச் செய்கிறாரா என்பவையே நாம் விசாரிக்க வேண்டியவை.

இந்த விசாரணைக்கு அளவுகோலாக, மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நால்வரும் இயேசுவின் பாடுகளை எழுதியிருக்கும் பாங்கைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். கசையடியை மத்தேயுவும் மாற்கும், பிலாத்து இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புவித்தான் என்று கூறும் வாக்கியத்தின் உட்பகுதியாக இரண்டொரு சொற்களில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். யோவான் அதற்கு ஒரு சிறு வசனத்தை ஒதுக்குகிறார். லூக்காவோ, இவனைத் தண்டித்து விட்டுவிடுவேன் என்று பிலாத்து சொன்னதைக் குறிப்பிடுகிறாரே ஒழிய, அப்படித் தண்டித்ததாக எழுதவேயில்லை. சிலுவையில் அறைந்த செயலும் அவ்வாறே. ஆணி என்ற சொல் நால்வருடைய பாடுகளின் வரலாற்றிலும் வருவதில்லை, உயிர்த்தெழுதலுக்குப் பின் தோமா தழும்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில்தான் யோவான் அதைச் சொல்கிறார். ரோம சாம்ராஜ்யத்தில் வாழ்ந்த அந்நாளைய வாசகர்களுக்குச் சிலுவை மரணத்தின் கோரத்தை யாரும் விவரித்துக் காட்ட வேண்டியதில்லை என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் அவ்வளவு சுருக்கமாக வதையைச் சொன்ன அதே ஆசிரியர்கள், பேதுரு மூன்று முறை மறுதலித்து வெளியே போய் அழுததையும், பிலாத்துவோடு நடந்த சம்வாதத்தையும், தமக்காக அழுத எருசலேம் பெண்களிடம் இயேசு பேசியதையும், உடன் அறையுண்ட குற்றவாளிக்கு அளித்த வாக்கையும், தாயைச் சீடனிடம் ஒப்படைத்ததையும் இடம் கொடுத்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பார்வை உடம்பின் மேல் பட்ட அடியில் நிற்கவில்லை. அடிபட்டவர் என்ன சொன்னார், அவரைச் சுற்றி நின்ற மனிதர்கள் என்ன ஆனார்கள் என்பதிலேயே நின்றது.

கிப்ஸனுடைய படம் இந்த விகிதாசாரத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட படத்தில் கசையடிக் காட்சி மட்டும் ஏறக்குறைய 10 நிமிஷம் நீள்கிறது. பிரம்பு முறிய அடித்த பின்னர் முள் பதித்த சவுக்கு வருகிறது, முதுகில் அடித்த பின்னர் உடலைத் திருப்பிப்போட்டு மார்பில் அடிக்கிறார்கள். சிலுவையில் துளையிட்ட இடத்துக்குக் கை எட்டவில்லை என்று தோள்மூட்டு நழுவும்படி இழுக்கிறார்கள். ஆணியின் முனையை மடக்குவதற்காகச் சிலுவையையே கவிழ்த்துப் போடுகிறார்கள். மலைப்பிரசங்கமும் கடைசி இராப்போஜனமும் சீடர்களின் கால்களைக் கழுவியதும் இந்த வதையின் இடையிடையே மின்னி மறையும் நினைவுகளாகச் சுருங்கிவிடுகின்றன. லூக்காவும் யோவானும் அதிகாரக் கணக்கில் எழுதிய உயிர்த்தெழுதல், படத்தின் கடைசியில் இரண்டொரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இந்த விஸ்தாரங்கள் எங்கிருந்து வந்தன? ஜெர்மனி தேசத்தில் 1774 முதல் 1824 வரை வாழ்ந்த அன்னா கத்தரீனா எம்மெரிக் என்னும் அகுஸ்தீன் சபைக் கன்னியாஸ்திரீ, நோயுற்றுப் படுக்கையில் கிடந்த காலத்தில் தாம் கண்ட தரிசனங்களைச் சொல்லக் கேட்டு, கிளெமென்ஸ் பிரெண்டானோ என்ற கவிஞர் எழுதி, 1833-இல் வெளியிட்ட நூலிலிருந்து பெரும்பகுதி வந்தது. கைது செய்யப்பட்ட இயேசு பாலத்திலிருந்து கீழே தள்ளப்படுவதும், பிலாத்துவின் மனைவி மரியாளுக்குத் துணி அனுப்புவதும், அத்துணியால் மரியாள் தன் மகனின் இரத்தத்தைத் தரையிலிருந்து துடைத்தெடுப்பதும், சிலுவைத் துளைக்கு எட்டாத கையை இழுப்பதும் அந்நூலின் சம்பத்துக்கள். இவற்றில் ஒன்றேனும் நான்கு சுவிசேஷங்களில் இல்லை. எம்மெரிக் அம்மையாரை 2004 அக்டோபரில் முத்திப்பேறு பெற்றவராகத் திருச்சபை அறிவித்தபோது, பிரெண்டானோ எழுதியதில் அம்மையாரின் சொல் எவ்வளவு, கவிஞரின் கற்பனை எவ்வளவு என்ற சந்தேகம் நெடுங்காலமாக இருந்தபடியால், அந்நூலை ஆதாரமாகக் கொள்ளாமல் அவருடைய வாழ்க்கையின் புனிதத்தை மட்டுமே நோக்கியது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

வேறு சில சேர்க்கைகள் இயக்குநரின் சொந்தச் சிருஷ்டி. வேறு சில, நெடுநாளைய பக்தி மரபின் கொடை. கெத்சமனே தோட்டத்தில் இயேசுவைப் பலப்படுத்தத் தேவதூதன் வந்ததாக லூக்கா எழுத, படத்திலோ ஆண் பெண் என்று அறிய முடியாத உருவில் சாத்தான் வந்து நிற்கிறான். அவனிடமிருந்து ஊர்ந்து வரும் பாம்பை இயேசு காலால் நசுக்குகிறார். யூதாஸைப் பேய்முகம் கொண்ட சிறுவர்கள் துரத்துகிறார்கள். மனந்திரும்பாத குற்றவாளியின் கண்ணைக் காகம் வந்து கொத்துகிறது. தேவாலயத்தின் திரைச்சீலை கிழிந்தது என்று சுவிசேஷம் கூறுவதோடு நிற்க, படத்தில் ஆலயமே பிளந்துபோகிறது. இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோணிக்காளும் வேதத்தில் இல்லை; ஆயினும் சிலுவைப்பாதையின் ஆறாம் ஸ்தலத்தில் முழந்தாளிடும் தமிழ்க் கத்தோலிக்கர் யாவரும் அவளைத் தம் உறவினளைப்போல் அறிவார்கள்.

இச்சேர்க்கைகள் யாவும் தகாதவை என்று நான் சொல்ல வரவில்லை. தச்சுப் பட்டறையில் இயேசு உயரமான மேஜை ஒன்றைச் செய்துகொண்டிருக்க, இதில் எப்படி உட்கார்ந்து உண்பது என்று தாய் கேட்டு இருவரும் சிரிக்கும் காட்சி எந்தக் கிரந்தத்திலும் இல்லாதது. ஆயினும் தாய்க்கும் மகனுக்கும் இருந்த அன்பை அதைப் போல எளிமையாகக் காட்டிவிட முடியாது. கைது நடந்த இரவில், இந்த இரவு மற்ற இரவுகளினின்றும் ஏன் வேறுபட்டது என்ற பஸ்கா விருந்தின் கேள்வியை மரியாள் கேட்க, அந்த விருந்தின் மரபையொட்டியே மகதலேனா மரியாள் விடை சொல்வதும் அத்தகையதே. இயேசுவும் அவர் தாயும் யூதர்கள் என்ற சத்தியத்தை அது நினைவூட்டுகிறது. இவை மூலத்தின் ஆன்மாவிலிருந்து கிளைத்த கற்பனைகள். 10 நிமிஷக் கசையடியோ, சுவிசேஷகர்கள் வேண்டுமென்றே மூடிவைத்த கதவை உடைத்துக்கொண்டு உள்ளே புகுவது.

கன்னியாஸ்திரீ ஒருவரின் தரிசன நூலைத் தழுவிக் கலை படைப்பது தமிழுக்குப் புதிதன்று. ஸ்பெயின் தேசத்து ஆகிரேதா நகரில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மரியா என்னும் துறவியின் நூலை ஆதாரமாகக் கொண்டே, வீரமாமுனிவர் சூசையப்பரைத் தலைவராக்கி 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியைப் பாடினார். சுவிசேஷத்தில் ஒரு சொல்லும் பேசாத சூசையப்பருக்கு அவர் ஒரு மகாகாவியத்தையே எழுப்பினார். அதனால் யாரும் ஏமாறவில்லை. நாட்டுப் படலமும் நகரப் படலமும் தொடங்கிய மாத்திரத்திலேயே, தான் படிப்பது காவியம், சரித்திரப் பதிவு அன்று என்பதை வாசகன் அறிந்துகொள்கிறான். காவிய இலக்கணமே கவிஞருக்கும் வாசகருக்கும் இடையே எழுதாத உடன்படிக்கையாக நிற்கிறது.

கிப்ஸனுடைய படத்தில் அந்த உடன்படிக்கை முறிந்துவிடுகிறது. பாத்திரங்கள் அரமேயத்திலும் எபிரேயத்திலும் லத்தீனிலும் பேசுகிறார்கள். நடந்தது நடந்தபடியே நம் கண்முன் விரிகிறது என்ற பிரமையை அந்தப் பாஷைகள் உண்டாக்குகின்றன. ரோம ராஜ்யத்தின் கீழ்த்திசை மாகாணங்களில் அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் பொதுவாக வழங்கிய மொழி கிரேக்கம் என்பதும், சுவிசேஷங்களே கிரேக்கத்தில் எழுதப்பட்டவை என்பதும், அந்தக் கிரேக்கம் படத்தில் ஓரிடத்திலும் ஒலிப்பதில்லை என்பதும், பிரமையில் மூழ்கிய பார்வையாளனுக்குத் தோன்றாது. இத்தனை உண்மைத் தோற்றத்தின் நடுவே வைக்கப்படும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தரிசனத்தை அவன் முதலாம் நூற்றாண்டின் சாட்சியம் என்று ஏற்றுக்கொள்வதில் வியப்பில்லை.

இதனால் விளையக்கூடிய தீங்கு இலக்கியத்தோடு நின்றுவிடுவதன்று. படத்தின் பிலாத்து மனச்சாட்சி உறுத்தும் மெல்லிய மனிதனாக, சத்தியம் என்றால் என்ன என்று மனைவியோடு உட்கார்ந்து ஆராய்கிறவனாகக் காட்டப்படுகிறான். மனைவியைப் பற்றிச் சுவிசேஷங்கள் தருவது, அவள் கண்ட கனவைப் பற்றி மத்தேயு எழுதிய ஒரு வசனம் மட்டுமே. பிலாத்துவோ, பலி செலுத்த வந்த கலிலேயரின் இரத்தத்தைச் சிந்தியவன் என்று லூக்காவாலும், கொடுங்கோலன் என்று பைலோ, ஜோசிபஸ் ஆகிய யூத ஆசிரியர்களாலும் குறிக்கப்பட்டவன். அவன் மென்மையாகும் அளவுக்குப் பிரதான ஆசாரியனாகிய காய்பாவும் மற்ற ஆசாரியர்களும் கூட்டமும் கடுமையாகிறார்கள். ஆலோசனைச் சங்கத்தில் ஆட்சேபிக்கும் இரண்டொருவரையும், சிலுவை சுமந்த சீரேனே ஊர் சீமோனின் இரக்கத்தையும் படம் காட்டுகிறது என்பதை மறுக்கலாகாது. இரத்தப்பழியைத் தங்கள் மேலும் தங்கள் சந்ததியின் மேலும் ஏற்பதாகக் கூட்டம் கூவும் மத்தேயுவின் வாக்குக்கு எழுத்தில் மொழிபெயர்ப்புத் தராமல் விட்டதும் உண்மை. எனினும், யூத ஜனங்களின் மேல் பல நூற்றாண்டுக் காலம் சுமத்தப்பட்ட பழியையும் அதன் பெயரால் நடந்த கொலைகளையும் எண்ணியே, 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் அந்த மரணத்தை அக்காலத்து யூதர் எல்லார் மீதும் இக்காலத்து யூதர் மீதும் சுமத்தலாகாது என்று அறிவித்தது. 1988-இல் அமெரிக்க கத்தோலிக்க ஆயர்கள் பாடுகளை நாடகமாக்குவோர் கவனிக்க வேண்டியவற்றைத் தனியே வகுத்தும் தந்தார்கள். மூலத்தில் இல்லாத ஒரு காட்சியைச் சேர்க்கும் கலைஞன், அந்தக் காட்சி யார் தலைமேல் போய் விழும் என்பதையும் சிந்திக்கக் கடமைப்பட்டவன்.

வேறு விதமாகவும் விலகலாம் என்பதற்கு ஓர் உதாரணம், கிப்ஸன் படம் பிடித்த அதே தென்னித்தாலிய மாத்தேரா நகரிலேயே அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டது. கடவுள் நம்பிக்கையற்றவரும் மார்க்ஸியவாதியுமான பியர் பாவ்லோ பசோலினி 1964-இல் இயக்கி, போப் இருபத்துமூன்றாம் அருளப்பரின் நினைவுக்குக் காணிக்கையாக்கிய 'மத்தேயு எழுதிய சுவிசேஷம்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில், வசனம் ஏறக்குறைய முழுவதும் மத்தேயுவினுடையது. இயேசுவாக நடித்தவர் ஸ்பெயின் தேசத்து மாணவர். முதிய மரியாளாக நடித்தவர் இயக்குநரின் தாயார். மற்றப் பாத்திரங்களில் பலர் அப்பகுதியின் ஏழைக் குடியானவர்கள். பசோலினியும் மூலத்தின் வரிசையை மாற்றினார், பல பகுதிகளை விட்டார், பாக்கின் இசையோடு நீக்ரோ மக்களின் துயரப் பாட்டையும் சேர்த்தார். ஆனால் வனாந்தரத்தில் சோதிக்க வரும் சாத்தான் சாதாரண மனிதனாக நடந்து வருகிறான். விசாரணைக் காட்சியில் காமிரா கூட்டத்தின் நடுவே நின்று, தலைகளுக்கு இடையே எட்டிப் பார்த்து, சீடன் ஒருவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்குமோ அவ்வளவையே நமக்குக் காட்டுகிறது. கசையடிக்குப் பத்து நிமிஷம் தருவோர் உண்டு. பசோலினி மலைப்பிரசங்கத்துக்கு அந்த அவகாசத்தைத் தந்தார், இருள் சூழ்ந்த பின்னணியில் ஒரு முகத்தை மட்டும் நிறுத்தி. நம்பிக்கையில்லாதவர் வசனத்தின் அளவைப் போற்றினார். நம்பிக்கையுள்ளவர் அந்த அளவைக் கடந்தார்.

வதையை விரித்துக் காட்டினால்தான் தியாகத்தின் அருமை கல்நெஞ்சுக்கும் உறைக்கும் என்று இப்படத்தின் அபிமானிகள் வாதிப்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பாடுகளைத் தியானிப்பது கத்தோலிக்க பக்தியின் பழைய வழிகளில் ஒன்று, கரவாஜோவைப் போன்ற ஓவியர்களின் தூரிகையும் அந்த வழியில் நடந்ததே. ஆனால் அடியின் எண்ணிக்கையால் தியாகத்தை அளக்கத் தொடங்கினால், அவரோடு அறையுண்ட இருவரும், ரோமர்கள் சிலுவையில் ஏற்றிய ஆயிரக்கணக்கான அடிமைகளும் என்ன தாழ்ந்துபோனார்கள்? இயேசுவின் மரணத்தை மற்ற மரணங்களினின்றும் சுவிசேஷகர்கள் வேறுபடுத்தியது வலியின் அளவால் அன்று. அவர் யார், என்ன போதித்தார், தம்மைக் கொல்கிறவர்களுக்காக எப்படி வேண்டிக்கொண்டார் என்பதனால்தான். அந்தப் போதனையை மின்னல் கீற்றாக்கிவிட்டு வலியை மட்டும் விரித்தால், இரக்கம் பிறக்கும். சீஷத்துவம் பிறப்பது கடினம்.

ஆகையால் இப்படத்தை யாரும் பார்க்கலாகாது என்பது என் கட்சியன்று. தவக்காலத்தில் அதைத் திரையிடும் ஆலயங்களும் சங்கங்களும், திரையிடும் முன் மாற்கு சுவிசேஷத்தின் 14-ஆம் 15-ஆம் அதிகாரங்களை உரக்க வாசிக்கச் செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடக்கூடிய வாசிப்பு அது. பிறகு திரையில் வருவனவற்றில் எது மாற்குவினுடையது, எது எம்மெரிக் அம்மையாருடையது, எது இயக்குநருடையது என்று பிள்ளைகளுக்குப் பெரியோர் எடுத்துச் சொல்லட்டும். வேதத்தில் சொல்லியிருப்பதைப் போலவே சொல்லாமல் விட்டிருப்பதும் கருத்தோடு செய்யப்பட்டது. அந்த மௌனத்தைக் கடக்கும் உரிமை கலைஞனுக்கு உண்டு, கடந்தேன் என்று ஒளிக்காமல் சொல்லும் கடமையும் அவனுக்கே உண்டு, அவன் சொல்லாதபோது மூலத்தைத் திறந்து பார்க்கும் கடமை நமக்கு உண்டு.