மாட்டெலும்பும் செருப்பு வண்டியும்

'கலைஞன் என்றால் குழந்தையாகவே இருக்கணும்' என்று ஓவியக்கூடங்களில் உபதேசம் நடக்கிறது. எந்தக் குழந்தையாக? ஊர்த்தெருக் குழந்தையாகவா, சேரிக் குழந்தையாகவா? கேட்டால், 'கலையில சாதியைக் கொண்டாராதீங்க' என்பார்கள். நாமா கொண்டுவந்தோம்?

பால் க்ளே என்ற ஐரோப்பிய ஓவியர் 1916இல் தன் மகனின் ஒன்பதாவது பிறந்தநாளுக்குக் கைப்பொம்மைகள் செய்தார். 1925வரை சுமார் 50 செய்தார். பழந்துணி, தீப்பெட்டி, மாட்டெலும்பு என வீட்டில் கிடந்ததே சரக்கு. மிஞ்சியவை பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தகப்பன் பிள்ளைக்குச் செய்த சாமானைக் கலை என்று ஏற்பதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால் அங்கே மாட்டெலும்பு கலை, இங்கே தீட்டு!

மாரண்டஹள்ளிப் பக்கத்துச் சேரிகளிலும் அறுந்த செருப்பை வட்டமா வெட்டி, சக்கரமாக்கி வண்டி ஓட்டும் பிள்ளைகள் உண்டு. சோளத்தட்டையில் மாடு செய்துதரும் தாய்மார் உண்டு. பெங்களூர் கட்டட வேலைக்கு ரயிலேறினால், அங்கே மணல்குவியலே பிள்ளைக்கு விளையாட்டுத் திடல். இதற்கெல்லாம் எந்த அருங்காட்சியகம்?

பாமாவின் 'கருக்கு' (1992) வாசித்தவர்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை நாயக்கர், இன்னொரு பிள்ளை பண்ணையாள் என்று ஆடுவதே அங்கே விளையாட்டு. இதைக் கள்ளமில்லா உலகம் என்று கொஞ்சாதீர்கள். ஆண்டையை நடித்துக்காட்டும் பிள்ளை ஆண்டையை எடைபோட்டுவிட்டது. தலித் எழுத்தின் விதை அங்கே கிடக்கிறது.

நமக்குள்ளும் ஒரு கேள்வி. பிள்ளை தகர டப்பாவில் பறைமாதிரி தட்டுகிறது. அப்பன் குச்சியைப் பிடுங்கி எறிகிறான்: "நான் அடிச்சது போதும், போய்ப் படிடா." இவன் கலைக்கு எதிரியா? கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் சாவு வீட்டு வாசலில் நின்றவன். மகனுக்கும் அந்த அழைப்பு வரும் என்று அஞ்சுகிறான். அந்த அச்சம் நியாயமானது.

'உங்க பாரம்பரியத்தை விட்டுடாதீங்க' என்று புத்தி சொல்லும் ரசிகர்களே, முதலில் உங்க சாவுக்கு நீங்களே அடிங்க. கட்டாயம் ஒழியட்டும். அப்புறம் எங்க பிள்ளை இஷ்டமிருந்தால் எங்க வாசலில் பறையடிக்கும். இல்லாவிட்டால் வயலின் வாசிக்கும், சும்மா மண்ணில் புரளும்.

மாணவத் தோழர்களே, ஆய்வுக்குப் போகும் இடத்தில் 'நாட்டுப்புறக் கைவினை' என்று அனாமத்தாகக் குறிக்காதீர்கள். செய்த தாயிடம் சம்மதம் கேட்டு அவள் பெயரை எழுதுங்கள். அவளுக்குப் பிள்ளையோடு உட்கார ஒரு மணிநேரம் கிடைக்கும்படி கூலிக்கும் போராடுங்கள். ரெண்டும் ஒரே வேலைதான்.