வாசலுக்கு வரும் மான்



கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் சிறு குளங்கள் வற்ற ஆரம்பிக்கும். கந்தளாய், தோப்பூர், மூதூர், புல்மோட்டைப் பக்கத்துக் காடுகளில் மானும் மரையும் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி ஓரிடத்துக்கு வந்து சேரும். முன்னைய காலத்தில் இதுவே வேட்டைப் பருவம். வாப்பாவும் மாமாவும் மச்சான்மாரும் கூட்டாளிகளுமாக நாலைந்து பேர் இடியன் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்படுவார்கள். குளக்கரை மரத்தில் பரண் கட்டிக் காத்திருப்பார்கள். கிடைத்ததைப் பங்கு வைத்து, அயலுக்கும் கொடுத்து, மிஞ்சியதை உப்பிட்டு வத்தலாக்கும் வேலை பெண்களுடையது.

அந்தக் காலத்தில் மானுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. 1660இல் மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவில் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், பல வருடம் இத்தீவில் சிறையிருந்து தப்பிப்போய், 1681இல் ஒரு நூல் வெளியிட்டார். இங்கே மான் இனங்கள் பெருகியிருந்ததை அதில் சொல்லியிருக்கிறார்.

இன்று நிலைமை வேறு. ஆனாலும் மான் இறைச்சி வீடுகளுக்கு வருவது நிற்கவில்லை. இருட்டிய பிறகு ஒரு பை வாசலுக்கு வருகிறது. கொண்டு வருபவர் சொந்தக்காரராக இருப்பார், அல்லது கணவரின் கூட்டாளியாக இருப்பார். "மான் இறைச்சி ராத்தா, பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அடுப்படியில் நிற்கும் சகோதரியே, அந்தப் பையை வாங்கிக்கொள்ளும் உங்களிடம்தான் நான் இம்மாதம் பேச வந்திருக்கிறேன்.

வேட்டை ஹராமா?

இல்லை. வேட்டையை மார்க்கம் அனுமதித்திருக்கிறது. அல்மாஇதா அத்தியாயத்தின் 4ஆம் வசனமும் 96ஆம் வசனமும் இதற்கு ஆதாரம். தய்யி கோத்திரத்தைச் சேர்ந்த அதீ பின் ஹாதிம் (ரலி) அவர்கள் வேட்டையில் பழகியவர். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்ட கேள்விகளில் இருந்துதான் வேட்டைச் சட்டத்தின் பெரும்பகுதியை எங்கள் மத்ரஸாக்களில் பாடமாக நடத்துகிறோம். அம்பின் முனை கிழித்துக் கொன்றால் உண்ணலாம். கட்டை அடிபட்டு மோதிச் செத்திருந்தால் உண்ணக் கூடாது. எய்த பிராணி தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால், அம்பு கொன்றதா தண்ணீர் கொன்றதா என்று தெரியாது. ஆகவே அதையும் விட்டுவிட வேண்டும். அவருக்குக் கிடைத்த பதில்களின் சாரம் இது.

இதைத் துவக்கோடு பொருத்திப் பாருங்கள். இடியன் துவக்கு எப்படி வேலை செய்கிறது? குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தும்பு வைத்துக் கம்பியால் இடித்து, அதன்மேல் ஈயக் குண்டுகளைப் போட்டு, மறுபடி அடைத்து வெடிக்கிறார்கள். ஈயக் குண்டுக்குக் கூரும் இல்லை, வெட்டும் விளிம்பும் இல்லை. தன் பாரத்தாலும் வேகத்தாலும் அது கொல்கிறது. இதனால் எங்கள் ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள், குண்டு பட்டுச் செத்துப்போன பிராணி ஆகுமானதல்ல என்றார்கள். ஹனபி மத்ஹபில் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களும் அப்படியே எழுதினார்கள். குண்டு உடலைத் துளைத்துச் செல்கிறது என்ற காரணத்தால் பிற்கால மாலிகி அறிஞர்களும், இமாம் ஷவ்கானீ (ரஹ்) அவர்களும் அனுமதித்திருக்கிறார்கள். கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் நாட்டில் நாம் பின்பற்றி வரும் மத்ஹபின்படி, குண்டு பட்டு விழுந்த மானில் உயிர் நிலைத்திருக்கும்போதே கத்தி வைத்து முறைப்படி அறுத்தால்தான் அது ஹலால்.

இரவில், காட்டில், டோர்ச் வெளிச்சத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வெடி பட்ட மான் நின்ற இடத்தில் விழுவது அருமை. அது பற்றைக்குள் ஓடும். இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்து போய்ச் சேர அரை மணியும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். அதற்குள் உயிர் போயிருந்தால் பிறகு கழுத்தில் கத்தி வைப்பதற்குப் பெயர் அறுப்பல்ல. பையில் வந்த இறைச்சித் துண்டுகளில் இந்த வித்தியாசம் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

துவக்கைவிட மோசமானவை

இப்போது துவக்கைப் பிடித்துக் காத்திருக்கும் பொறுமை பலருக்கு இல்லை. மிருகம் நடக்கும் தடத்தில் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். கட்டுத்துவக்குக் கட்டிவிட்டு வீட்டில் வந்து தூங்குகிறார்கள். தீனுக்குள் வெடிமருந்து மறைத்து வைக்கிறார்கள். கழுத்து நெரிந்து செத்தது, அடிபட்டுச் செத்தது, விழுந்து செத்தது ஆகியவற்றை அல்மாஇதாவின் 3ஆம் வசனம் பெயர் சொல்லித் தடுக்கிறது. உயிரோடு கிடைத்து அறுத்ததற்கு மட்டுமே விதிவிலக்கு. விடியற்காலை போய்ப் பார்க்கும்போது சுருக்கில் செத்துத் தொங்கும் மான் எந்த மத்ஹபிலும் ஹலால் இல்லை. வாகனம் மோதிச் செத்த மானும் அப்படித்தான்.

பாவம் மானோடு நிற்பதுமில்லை. கட்டுத்துவக்குக்கு மானும் மனிதனும் ஒன்றுதான். விறகுக்கும் தேனுக்கும் மாடு தேடவும் காட்டுக்குப் போன ஏழை விவசாயிகள் அதில் கால் சிதைந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்த யானைக் குட்டிகள் வாய் கிழிந்து, தின்ன முடியாமல், நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகின்றன. அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொள், பிராணிக்கு வேதனையைக் குறை என்று கற்றுத் தந்த மார்க்கத்தில் இதற்கு இடம் ஏது?

தாய்மாருக்கு இன்னொரு விஷயம். ஈயக் குண்டு இறைச்சிக்குள் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதறும். கழுவினாலும் சமைத்தாலும் அது போகாது. ஈயம் உடம்பில் சேர்வதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையும் வயிற்றில் இருக்கும் சிசுவையும் அது பாதிக்கிறது.

நாட்டின் சட்டம்

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இன்று இலங்கையில் மானையோ மரையையோ வேட்டையாடுவது குற்றம். துவக்குக்கு அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டால் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது வேறொரு வழக்கு. "அல்லாஹ் ஹலாலாக்கியதை அரசாங்கம் எப்படித் தடுக்கலாம்?" என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். வேட்டை அனுமதிக்கப்பட்ட காரியம்தான், கடமையான காரியமல்ல. அனுமதிக்கப்பட்ட ஒன்றைப் பொது நன்மைக்காக ஆட்சியாளர் தடுத்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பது நம் இமாம்கள் சொன்ன சட்டம். புள்ளிமான் ஏழு மாதத்துக்கு மேல் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடுகிறது. இருட்டில் சுடுபவருக்குச் சினைமான் எது என்று தெரியுமா? இப்படியே போனால் நம் பேரப்பிள்ளைகளுக்கு மானைப் படத்தில்தான் காட்ட வேண்டிவரும். முறைப்படி அறுத்த மானின் இறைச்சி சட்டத்தை மீறியதால் செத்த பிராணியின் இறைச்சியாகி விடாது. ஆனால் மீறியவர் குற்றத்திலிருந்து தப்பவும் மாட்டார். அவர் பிடிபட்டால் கைக்குழந்தையோடு நீதிமன்ற வாசலில் நிற்கப்போவது யார்? ஒரு வீட்டின் பெண்தான்.

கேட்டது யார்?

"நாங்கள் வேட்டைக்கா போனோம், வந்ததைச் சமைக்கிறோம்" என்று சொல்லிவிட முடியாது. அபூ கதாதா (ரலி) அவர்களின் சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. தோழர்கள் இஹ்ராமில் இருந்தார்கள். அவர் மட்டும் இஹ்ராமில் இல்லை. காட்டுக் கழுதை ஒன்றை அவர் வேட்டையாடினார். தோழர்கள் அதை உண்ணலாமா என்று வந்து கேட்டபோது, வேட்டையாடும்படி அவரிடம் உங்களில் யாராவது சொன்னீர்களா, அதைச் சுட்டிக் காட்டினீர்களா என்றுதான் நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இல்லை என்ற பிறகே அனுமதித்தார்கள். துவக்கைத் தொடாதவரும் சொல்லாலும் சைகையாலும் வேட்டையில் பங்காளியாகலாம் என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

புது மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிறோம். "மான் இறைச்சி இல்லாமல் என்ன விருந்து?" என்று மாமியார் ஒரு வார்த்தை சொல்கிறார். அந்த வார்த்தை மச்சான் காதுக்குப் போகிறது, அங்கிருந்து கூட்டாளியிடம் போகிறது, அங்கிருந்து காட்டுக்குப் போகிறது. சுருக்கு வைத்தவன் கை வேறு. வைக்கச் சொன்ன வாய் நம் அடுப்படியில் இருக்கிறது.

கைக்கு எட்டும் தூரத்தில்

திருகோணமலை நகருக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பிரட்றிக் கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் புள்ளிமான்கள் ஆடுமாடு போலத் திரிகின்றன. குப்பையில் கிடக்கும் பொலித்தீன் பையைக்கூட மெல்லுகின்றன. கையை நீட்டினால் தொடலாம்.

அல்மாஇதாவின் 94ஆம் வசனம் எனக்கு இந்த மான்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைவு வரும். கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு, மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்று அல்லாஹ் சோதிப்பதாக அதில் சொல்கிறான். ஹுதைபிய்யா ஆண்டில் இஹ்ராமில் இருந்த தோழர்களின் தங்குமிடம்வரை பிராணிகள் வந்து நின்றன என்று தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். எட்டாத மானை விட்டுவைப்பது பெரிய காரியமல்ல. எட்டுகிற மானை, யாரும் பார்க்காத இரவில் விட்டுவைப்பதுதான் சோதனை. மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டால் அவற்றை வெருட்டக்கூட மாட்டேன் என்று அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் சொன்னார்கள். திருகோணமலை புனித எல்லை அல்ல என்பது உண்மைதான். ஆயினும் நம்மை நம்பித் தெருவுக்கு வந்த பிராணியிடம் நடந்துகொள்ளும் ஒழுக்கத்தை அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம். குறைந்தபட்சம் அரிசிப் பையையும் சாப்பாட்டுப் பொதித்தாளையும் தெருவில் எறியாமல் இருக்கலாம்.

அந்தச் சோதனை இப்போது பையில் வந்து நம் வாசலில் நிற்கிறது. கொண்டு வருபவர் மனம் நோகுமே என்று தயங்குகிறீர்களா? ஸஃபு பின் ஜஸ்ஸாமா (ரலி) அவர்கள் அன்போடு கொடுத்த வேட்டைப் பிராணியை நபி (ஸல்) அவர்கள் இஹ்ராமில் இருந்ததால் திருப்பிக் கொடுத்தார்கள். அவருடைய முகம் வாடியதைக் கண்டதும் காரணத்தைச் சொல்லிச் சமாதானப்படுத்தினார்கள். நாமும் அப்படியே செய்யலாம். "தம்பி, உங்கள் அன்புக்கு ஜஸாகல்லாஹு கைரா. இது எங்கள் வீட்டுக்கு வேண்டாம். அடுத்த தடவை வெறுங்கையோடு வாருங்கள், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்று சொல்லுங்கள். நாலு வீட்டில் நாலு சகோதரிகள் இப்படிச் சொல்லிவிட்டால் ஐந்தாவது பைக்காக அவர் காட்டுக்குப் போக மாட்டார்.

மாப்பிள்ளை விருந்துக்குக் கோழியும் ஆடும் மாடும் இருக்கின்றன. கொட்டியாரக் குடா மீன் இருக்கிறது. ஹலால் விசாலமானது, அல்ஹம்துலில்லாஹ்.

வஸ்ஸலாம்.