பின் பிரேக்கை வீட்டிலேயே மாற்றலாமா?

காரின் பின் பக்க டிஸ்க் பிரேக்கை வீட்டில் மாற்றலாமா என்று எங்கே கேட்டாலும் இரண்டு கோஷ்டிகள் கிளம்பிவிடும். "பிரேக் உயிர் சமாச்சாரம், தெரியாதவன் கை வைக்கவே கூடாது" என்பது ஒன்று. "நாலு போல்ட்டுக்குப் போய் எதற்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டும்?" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கோஷ்டியும் அடித்துக்கொள்வது கூலிக் காசைப் பற்றி. வீட்டில் சக்கரத்தைக் கழற்றுவதால் கிடைக்கும் உண்மையான லாபம் கூலியில் இல்லை.

கூலிக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். நல்ல ஜாக்கி, கார் அடியில் கொடுக்க இரண்டு ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், பிஸ்டனைத் திருகி உள்ளே தள்ளும் கருவி, பிரேக் கிளீனர், கிரீஸ். பி.காம். பாஷையில் சொன்னால் இதெல்லாம் நிலைச்செலவு. பின் பேடு பல பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறைதான் மாற்ற வேண்டிவரும். டிஸ்க் அதைவிட அரிது. ஒரே கார் வைத்திருப்பவர் இந்தச் செலவை எத்தனை வேலைக்குப் பங்கிட்டுப் போடுவார்? மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் நிற்காது. போட்ட முதல் திரும்ப வந்தாலே அதிர்ஷ்டம்.

அப்புறம் எதற்கு? சந்தேகத்துக்கு.

"சார், பேடு போயிடுச்சு, டிஸ்க்கும் மாத்தணும்" என்று போன் வரும்போது, கார் உரிமையாளர்களில் பெரும்பாலானவர்கள் சரி என்று மட்டும்தான் சொல்ல முடியும். 1973-ல் டார்பி, கார்னி என்ற இரண்டு பொருளாதார வல்லுநர்கள் இதற்கென்றே ஒரு பெயர் வைத்தார்கள். நம்பிக்கைச் சரக்கு என்று தமிழில் சொல்லலாம். வாங்கி, பயன்படுத்தி முடித்த பிறகும் அது தேவைதானா என்று வாங்கியவருக்குத் தெரியாது. புது டிஸ்க் போட்ட கார் நன்றாகத்தான் நிற்கும். பழைய டிஸ்க்கும் நன்றாக நின்றிருக்குமா என்பதை யாரிடம் போய்க் கேட்பது?

விஷயம் என்னவென்றால், விடை அந்த இரும்பிலேயே இருக்கிறது. பெரும்பாலான டிஸ்க்குகளில் இதற்குக் கீழே தேயக்கூடாது என்ற குறைந்தபட்சக் கனம் அச்சடிக்கப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஒரு வெர்னியர் போதும். தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பு மேடாக நிற்பதால் வெர்னியர் அந்த மேட்டைத்தான் அளக்கும். டிஸ்க் தடிமனாக இருப்பதாகப் பொய் சொல்லும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நாணயம் ஒவ்வொன்று வைத்து அளந்து, இரண்டு நாணயத்தின் கனத்தைக் கழித்தால் சரியான அளவு கிடைத்துவிடும். பேடும் அப்படித்தான். சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால் வெளிப் பேடுதான் தெரியும். காலிப்பர் நகரும் பின் இறுகிப்போயிருந்தால் உள்பேடு மட்டும் தகடு வரை தேய்ந்திருக்கும். மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது.

ஆக, கார் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கலாம், அளக்கலாம். பழைய பாகத்தைக் காட்டச் சொல்லலாம். அதற்கு மேல் போகலாமா என்பது வேறு கேள்வி. அங்கேதான் "நாலு போல்ட்டுதானே" கோஷ்டி சறுக்குகிறது. முன் பேடு மாற்றிய தைரியத்தில் பின்னால் கை வைப்பவர்கள் மறப்பது ஹேண்ட் பிரேக்கை. அது இருப்பது பின் சக்கரத்தில். சில கார்களில் காலிப்பருக்குள்ளேயே இருக்கும். அந்தப் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். முன்பக்கம் மாதிரி சி கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள் அமைப்பு கெட்டு, புதுக் காலிப்பர் வாங்க நேரிடும். சில கார்களில் டிஸ்க்கின் நடுக் குடத்துக்குள் சின்ன டிரம் ஒளிந்திருக்கும். அதன் லைனிங்கைத் தளர்த்தாமல் டிஸ்க்கைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தால் பொழுதுதான் போகும். பட்டன் வைத்த எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் அதை சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோக வேண்டும். சில கார்களில் பட்டனும் பெடலும் அழுத்தியே முடியும், சிலவற்றுக்கு ஸ்கேனர் இல்லாமல் நடக்காது. அந்த ஸ்கேனர் கையில் இல்லாதவர் அளப்பதோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இப்படிப்பட்ட விவரமும் உதிரி பாகமும் கம்பெனி வாசலைத் தாண்டி வருவதே பெரிய வழக்காக இருந்திருக்கிறது. வெளிச் சந்தைக்கு இவற்றைக் கிடைக்கவிடாமல் செய்ததாக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. வீட்டில் செய்கிறவனுக்கு விவரம் போதாது என்று குறை சொல்பவர்கள், அந்த விவரம் யாரிடம் பூட்டிக் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உயிர் சமாச்சாரம் என்கிறவர்களின் பயத்தைக் கேலி செய்ய முடியாது. பின்பக்க வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாக வேண்டும், பின் சக்கரங்களோ அந்தரத்தில். காரைப் பிடித்து நிறுத்துவது முன் சக்கரங்கள் மட்டுமே. அவற்றுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்காமல், சரிவான தெருவில், ஸ்டெப்னி மாற்றக் கொடுத்த ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே குனிவது தற்கொலைக்குச் சமம். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் சமதளம் கிடைக்காதவர்கள் இந்த ஆசையை விட்டுவிடலாம், தப்பே இல்லை. கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுவது, புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயைத் துடைப்பது, பேடில் கிரீஸ் படாமல் பார்ப்பது எல்லாம் பொறுமை இருந்தால் வந்துவிடும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் முதல் மிதிக்குப் பெடல் தரை வரை போகும். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் அப்படித்தான் இருக்கும். கியர் போடுவதற்கு முன்பே, பெடல் கெட்டியாகும் வரை மிதித்துவிட்டு, பிரேக் ஆயில் அளவையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் காரை நிறுத்தப்போவது பின்னால் இருக்கும் சுவர்தான்.