பிள்ளையின் கண்ணை விரட்டாதீர்கள்

"கண்ணைப் பழக்கினால் உங்கள் பிள்ளை நிமிடத்துக்கு 1000 சொல் படிப்பான்" என்கின்றன வேக வாசிப்புப் பயிற்சிகள். 1959இல் அமெரிக்காவில் ஈவ்லின் வுட் வியாபாரமாக்கிய ஆசை இது. மும்பையின் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை இதில் போடுமுன், இதன் மூன்று வாதங்களையும் உரசிப் பார்த்துவிடுவோம்.

ஒன்று: "ஒரே பார்வையில் வரியையே அள்ளலாம்." முடியாது. கண் வரிமேல் வழுக்கிப் போவதில்லை. தாவி நின்று, மீண்டும் தாவுகிறது. ஒரு நிறுத்தம் ஏறக்குறைய கால் வினாடி. நிமிடத்துக்குச் சுமார் 240. 1000 சொல் படிக்க, நிறுத்தத்துக்கு நான்கு சொல்லுக்கு மேல் பிடிக்க வேண்டும். பார்வையின் மையத்தில் துல்லியமாகத் தெரிவதோ ஆங்கிலத்தில் ஏழெட்டு எழுத்துதான். விழித்திரையின் இந்த அமைப்பைப் பயிற்சி மாற்றாது. தமிழில் 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற ஒற்றைச் சொல்லே 17 எழுத்து. அங்கே இந்தச் சொற்கணக்கே பொருந்தாது.

இரண்டு: "கண் வேகமானால் மூளையும் வேகமாகும்." நடப்பது தலைகீழ். எரிக் ரைக்கில், கீத் ரேனர் குழு 1998இல் வெளியிட்ட, வாசிக்கும் கண்ணின் அசைவை விளக்கும் 'ஈ-ஸீ ரீடர்' கணித மாதிரியில், சொல்லை அடையாளம் காணும் முதல் கட்டம் முடிந்த பிறகே அடுத்த தாவலுக்கு உத்தரவு பிறக்கிறது. பழகிய சொல்லில் கண் சற்றே நிற்கும். அரிய சொல்லில் கூடுதலாக நிற்கும். கவனம் ஒரே சமயத்தில் பல சொற்களில் பரவும் என்று மாறுபடும் 'ஸ்விஃப்ட்' மாதிரிகூட, கடினமான சொல் கண்ணைத் தாமதிக்க வைப்பதை ஏற்கிறது.

மூன்று: "திரும்பிப் பார்ப்பது கெட்ட பழக்கம்." தேர்ந்த வாசகரின் தாவல்களிலேயே நூற்றுக்கு 10 முதல் 15 பின்னோக்கியவை. 2014இல் ரேனரும் சக ஆய்வாளர்களும், படித்த சொற்களை மறைத்துத் திரும்பிப் பார்க்கும் வழியை அடைத்தார்கள், புரிதல் குறைந்தது. நம் பவாய் ஐஐடியில் புஷ்பக் பட்டாச்சார்யா குழுவினர், கண் போகும் பாதையின் சிக்கலைக் கொண்டே வாசிப்பவரின் உழைப்பை அளந்திருக்கிறார்கள். பின்னோக்கிய தாவல் புரிந்துகொள்ளும் முயற்சியின் தடம். அதைத் தடுப்பது முயற்சியையே தடுப்பதாகும்.

வீட்டில் தமிழ், பள்ளியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று எழுத்து முறைகளைச் சமாளிக்கும் மும்பைப் பிள்ளை மெதுவாகப் படித்தால், கண்ணில் குறை தேடாதீர்கள். சொற்கள் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். அந்தக் கட்டணத்தில் கதைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுங்கள். பிடித்த கதையை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்க விடுங்கள். சொல் பழகப் பழக வேகம் தானாகக் கூடும்.