பெயரில்லாப் பொத்தான்கள்

ஒலிப்பதிவு என்றதும் தடித்த திரைகள் தொங்கும் மண்டபமும், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்து கைச்சைகை காட்டும் பொறியியலாளரும் நம்முள் வயது முதிர்ந்தோரின் நினைவுக்கு வருதல் இயல்பு. அம்மண்டபம் முழுவதும் இன்று ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிவிட்டது. ஒலிப்பதிவு மென்பொருள் எனப்படும் அக்கருவி எதற்கு இடங்கொடுக்கிறதோ அதுவே இன்று பெரும்பாலான இசைப்பதிவுகளின் எல்லையாகும். அது செய்ய மறுப்பதைச் செய்விக்க வேண்டுமாயின், அதனை ஆக்கியோரிடம் விண்ணப்பித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இவ்விண்ணப்பங்களைப் பற்றி எழுதும்படி என்னைத் தூண்டியது அண்மையில் நேர்ந்த ஓர் அனுபவமாகும்.

என் பழைய மாணவர் ஒருவர் இப்பொழுது பாடசாலையொன்றில் வயலின் கற்பிக்கிறார். பிறவியிலேயே பார்வையற்றவர். ஒரு மாலை என்னிடம் வந்து, ஆங்கிலத்திலே ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டார். அவருடைய பாடசாலையில் மாணவர்க்கு ஒலிப்பதிவு பழக்குவதற்கென ஒரு மென்பொருளை வாங்கி வைத்திருக்கிறார்கள். கணினித் திரையில் உள்ளவற்றை வாசித்துக் கூறும் உதவி நிரல் ஒன்றின் துணைகொண்டு அவர் கணினியைக் கையாளுபவர். அந்நிரல் கடிதங்களை வாசிக்கிறது, செய்தித்தாளை வாசிக்கிறது. இந்த மென்பொருளைத் திறந்ததும் ஊமையாகிவிடுகிறது. முழு ஊமையுமன்று. விசையை அழுத்த அழுத்த, "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொல்லுகிறது. ஒலியைக் கூட்டும் பொத்தான் எது, பதிவைத் தொடக்கும் பொத்தான் எது, செய்ததை அழிக்கும் பொத்தான் எது என்று அது அறியாது. மென்பொருளை ஆக்கியவர்கள் அவற்றுக்குப் படம் வரைந்தார்களேயன்றி, வாசிக்கத்தக்க பெயர் இடவில்லை.

நான் அன்றிரவே கடிதத்தை எழுதி மறுநாள் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பார்வையிழந்தோருக்கு உதவும் பொருட்டு நிறுவனத்தார் கருணை கூர்ந்து ஆவன செய்தல் வேண்டும் என்ற முறையில் என் நடை அமைந்திருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சேர், நான் உதவி கேக்கேல்லை. அந்தப் பொத்தானுக்குப் பேர் வையுங்கோ எண்டுதான் கேக்கிறன். காசு குடுத்து வாங்கின சாமான்தானே."

ஆசிரியத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் எனக்கு ஒரு கட்டுரையை இவ்வளவு சுருக்கமாகத் திருத்தத் தெரியவில்லை. கடிதத்தைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினேன். அதன் பின்னரே, இத்தகைய வேண்டுகோள்கள் எங்கு செல்கின்றன, அவற்றுக்கு என்ன நேர்கிறது என்று ஆராயத் தலைப்பட்டேன்.

முதலில் ஆக்கியோர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பயன்படுத்துவோனுக்கு அற்பமாகத் தோன்றும் ஒரு விருப்பம், ஆக்குவோனுக்கு அத்திவாரத்தையே பெயர்க்கும் வேலையாக இருக்கக் கூடும். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த புரோ டூல்ஸ் என்னும் மென்பொருள் தொழில்முறைக் கலையகங்களிலே நெடுங்காலம் கோலோச்சியது. ஆனால் ஒரு மணி நேர இசையைக் கலந்து முடித்து ஒரே கோப்பாக வெளியெடுப்பதற்கு அதில் முழுதாக ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏனைய மென்பொருள்கள் சில நிமிடங்களிலே செய்துவந்த இவ்வேலையை இதுவும் செய்ய வேண்டும் என்று பயன்படுத்துவோர் ஆண்டுக்கணக்கில் கேட்டனர். 2013இல், ஒலிப்பொறி முழுவதையும் புதிதாக அமைத்த பதினொராம் பதிப்பிலேதான் அது கைகூடியது. பல்கலைக்கழகமொன்றில் இருவர் தொடங்கி 2000ஆம் ஆண்டில் இலவசமாக வெளியிட்ட ஓடாசிற்றியின் கதையும் இத்தகையதே. உலகெங்கும் வறிய இசைஞருக்கும் ஆசிரியருக்கும் அதுவே கைகொடுத்தது. எனினும் குரலுக்குச் சிறிது எதிரொலி சேர்க்க வேண்டுமாயின், சேர்த்துவிட்டுக் கேட்டு, பிடிக்காவிடில் நீக்கிவிட்டு, மறுபடியும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இசை ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே விளைவை மாற்றிக் கேட்கும் வசதி 2022இலேதான் வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து பல்கலைக்கழகம் புகுவதற்கு அதிலும் குறைந்த காலமே வேண்டும்.

இவையெல்லாம் வசதிக் குறைகள், பொறுத்திருக்கலாம். வேறொரு வகைக் குறையும் உண்டு. அது ஆக்கியோன் யாரை மனத்திலே கொண்டு ஆக்கினான் என்பதிலிருந்து பிறப்பது. அதனை விளங்கிக்கொள்ள நமது இசையையே எடுத்துக்கொள்ளலாம்.

மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கென 1983இல் ஒரு பொதுமொழி வகுக்கப்பட்டது. மிடி என்பது அதன் பெயர். அமெரிக்கராகிய டேவ் சிமித்தும் யப்பானியராகிய இக்குதாரோ ககெஹாஷியும் போட்டி நிறுவனங்களைச் சார்ந்தவர்களாயிருந்தும் கைகோத்து இதனை உலகுக்கு அளித்தனர். பெருந்தன்மையான செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்மொழியின் அரிச்சுவடி பியானோவின் கட்டைகளைப் பார்த்து எழுதப்பட்டது. 128 சுரங்களுக்கு இலக்கம் உண்டு. ஓரிலக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பெயர் கிடையாது. சுரத்தை வளைக்க ஒரு வழி உண்டாயினும், அது ஓர் அலைவரிசையில் ஒலிக்கும் சுரங்கள் அனைத்தையும் ஒருங்கே வளைக்கும். ஒரு சுரம் அசையாது நிற்க மற்றொன்று ஆடவேண்டுமாயின் சுற்றுவழி தேட வேண்டியதே.

வாய்ப்பாட்டை ஒலியாகவே பதிவுசெய்யும்பொழுது கமகத்துக்கு ஊறில்லை. பாடியது பாடியவாறே நிற்கும். அதனைச் சுரக் குறிகளாக மாற்ற முயலும்பொழுதும், சுருதி திருத்தும் நிரலிடம் ஒப்படைக்கும்பொழுதுமே சங்கடம் தொடங்குகிறது. 1997இல் வெளிவந்த ஓட்டோ டியூன் என்னும் நிரலை ஆக்கியவர், அதற்கு முன்னர் எண்ணெய் வளம் தேடும் பணிக்காக நிலவதிர்வலைகளை ஆராய்ந்தவர். அந்நிரலைக் கடும் நிலையிலே வைத்து ஒரு தோடியைப் பாடிப் பாருங்கள். கமகம் பிழையெனக் கருதப்பட்டுப் படிக்கட்டாகச் செதுக்கப்பட்டுவிடும்.

இந்தச் சண்டை நமக்குப் புதிதன்று. கட்டைகளுக்கிடையே நெளிய இயலாத ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் தடைசெய்தது. அத்தடை 1971இலேதான் ஓரளவு தளர்ந்தது. தடை சரியா பிழையா என்ற வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. நான் கவனிப்பது வேறொன்று. ஆர்மோனியத்தை விலக்கிவிட்டுச் சாரங்கியையோ வயலினையோ எடுக்க அன்று முடிந்தது. உலகம் முழுவதும் ஒரே அரிச்சுவடியை ஏற்றுக்கொண்டபின் எதை விலக்கி எதை எடுப்பது? காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே ஒரு தானத்தை இருபத்திரண்டு அலகாகப் பகுத்த பழந்தமிழ் முறையைக் கணிதத்தால் நிறுவ முயன்றார். அவ்வலகுகளை ஒரு சாதாரண ஒலிப்பதிவு மென்பொருளில் இடுவதற்கு மாணவன் ஒருவன் இன்று முயல்வானாயின், பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட பலகையே அவன் முன் நிற்கும்.

அரபு இசையாளரும் இதே குறையை நெடுங்காலமாகச் சொல்லிவந்தனர். ஈராக்கிய மரபினரான கையாம் அல்லாமி என்பவர் விண்ணப்பித்துக்கொண்டிருப்பதோடு அமையாது, நிரலாக்குவோர் சிலரோடு சேர்ந்து, விரும்பிய சுருதி முறைகளை அமைத்து வாசிப்பதற்கான இரு கருவிகளை 2021இல் இலவசமாக வெளியிட்டார். மிடி மொழியும் மெல்ல அசைந்தது: ஒவ்வொரு சுரத்தையும் தனித்து வளைக்கும் முறை 2018இல் ஏற்கப்பட்டது, இரண்டாம் மிடி 2020இல் அறிவிக்கப்பட்டது. ஏபிள்டன் லைவ் என்னும் மென்பொருள் 2024இல் வந்த அதன் பன்னிரண்டாம் பதிப்பிலே பல்வகைச் சுருதி முறைகளை உள்ளேற்றது. அதே பதிப்பிலேதான், திரை வாசிக்கும் நிரல்களோடு அது முதன்முறையாகப் பேசவும் கற்றுக்கொண்டது. 2001இல் பிறந்த மென்பொருள் அது. ஐரோப்பியக் காது அல்லாத காதும், பார்வையற்ற விரலும் ஒரே வாயில் வழியாக, ஒரே நாளிலே உள்ளே விடப்பட்டன என்பது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அது தற்செயலாகத் தோன்றவில்லை. முதற்படம் வரைந்தபொழுது இருவருமே அப்படத்தில் இல்லை.

இப்பொழுது பல நிறுவனங்கள் வேண்டுகோள்களைப் பட்டியலிட்டு, பயன்படுத்துவோரை வாக்களிக்கச் செய்கின்றன. கூடிய வாக்குப் பெற்றது முதலில் நிறைவேறும். பார்வைக்கு இது நல்ல சனநாயகம். ஆனால் உள்ளே நுழைய முடியாதவனின் வாக்கு எங்கே விழும்? மென்பொருள் ஊமையாயிருப்பதால் பார்வையற்றோர் அதனை வாங்குவதில்லை. வாங்காததால் பட்டியலில் அவர்கள் இல்லை. பட்டியலில் இல்லாததால் அது தொடர்ந்தும் ஊமையாகவே இருக்கிறது. பன்னிரண்டு புதிய வண்ணங்கள் வேண்டுமென்று ஆயிரம் பேர் கேட்பதும், ஒரு பொத்தானுக்குப் பெயர் வேண்டுமென்று பதினொருவர் கேட்பதும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல. போதாக்குறைக்கு அவ்வேண்டுகோள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படவும் வேண்டும். என் மாணவர் என்னைத் தேடி வந்ததற்குக் காரணமே அதுதானே. அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் 2016ஆம் ஆண்டின் கிராமி விருது மேடையிலே பிறெயில் எழுத்தில் அமைந்த அட்டையை விரலால் வாசித்துவிட்டு, எல்லாம் எல்லோர்க்கும் எட்டவேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். சபையோர் கைதட்டினர். கைதட்டலுக்கும் நிரல் வரிகளுக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு.

அத்தூரத்தைக் கடந்தவர்கள் பெரும்பாலும் பார்வையற்றோரே. அவுஸ்திரேலியாவிலே பார்வையற்ற சிறுவர்க்கான இசை முகாமொன்றிற் சந்தித்துக்கொண்ட மைக்கேல் கறன், ஜேமி தே என்னும் இருவர், வளர்ந்தபின் 2006இல் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பு நிரலை ஆக்கத் தொடங்கி உலகுக்கு இலவசமாக அளித்தனர். என் மாணவரின் கணினியிற் பேசுவதும் அதுவே. பின்னர் ஜேமி தே, றீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளுக்கென ஓசாரா என்ற இணைப்பு நிரலைத் தொடங்கினார். றீப்பர் நிறுவனத்தார் பார்வையற்றோரை எண்ணி அம்மென்பொருளை ஆக்கினர் என்பதற்கில்லை. ஆனால் பிறர் நிரல் எழுதி இணைப்பதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தனர். அக்கதவு வழியே வேண்டுவோர் தாமே புகுந்து, வேண்டியதைத் தாமே செய்துகொண்டனர். ஒலியளவு எல்லை மீறும்பொழுது திரையிலே சிவப்பு ஒளிரும். பார்வையற்றவர் அதனை எவ்வாறு அறிவர்? ஓசாரா அதனை வாயாற் சொல்லிவிடும். சிறிய தொழில் செய்வோருக்கான றீப்பரின் உரிமம் 60 அமெரிக்க டொலர் என்பதையும் நம்மவர் கவனிக்கலாம்.

கேட்டதைப் பெறுவது மட்டுமன்று, கேளாததை மறுப்பதும் பயன்படுத்துவோரின் உரிமையே. ஓடாசிற்றி 2021இல் மியூஸ் குழுமத்தின் கைக்கு மாறியவுடன், பயன்பாட்டுத் தரவுகளைத் திரட்டும் ஏற்பாடொன்று அதிலே முன்மொழியப்பட்டது. எழுந்த எதிர்ப்பைக் கண்டு அம்முன்மொழிவு கைவிடப்பட்டது. இருபத்திரண்டு ஆண்டு காத்திருந்து பெற்ற வசதி ஒருபுறம்; சில நாள்களிலே தடுத்த தீங்கு மறுபுறம். வேண்டுவதிலும் மறுப்பதே விரைவாகப் பலிக்கிறது போலும்!

நானும் மாணவரும் எழுதிய கடிதத்துக்கு வருகிறேன். இரண்டாவது கடிதத்தில் இரக்கமும் இல்லை, அறிவுரையும் இல்லை. எந்தச் சாளரத்தில், எத்தனையாவது இடத்தில் உள்ள பொத்தான் பெயரற்றிருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல நான் திரையைப் பார்த்து எழுதினேன். முப்பத்தேழு பொத்தான்கள் தேறின. சிலவற்றின் படத்தைப் பார்த்தும் அவை எதற்கென எனக்கே விளங்கவில்லை என்பதையும் இங்கு ஒப்புக்கொள்கிறேன். அவர் விசையை அழுத்தி, விளைவைக் காதால் கேட்டு, "இது எதிரொலியை அடைக்கிறது, சேர்" என்று எனக்குச் சொன்னார்.

இரு வாரங்களுக்குப் பின் பதில் வந்தது. தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியமானது, பட்டியலிற் சேர்த்துள்ளோம் என்று இரு வரிகள். அவர் சிரித்தார். தம் சொந்தப் பதிவுகளை அவர் ஏற்கெனவே றீப்பருக்கு மாற்றிவிட்டார். அப்படியாயின் இந்தக் கடிதம் ஏன் தம்பி என்று நான் கேட்டேன்.

"பள்ளிக்கூடத்திலை இருக்கிறது அதுதான், சேர். அடுத்த வருசம் என்னைப் போல ஒரு பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வருது."

மூன்று மாதங்களாகின்றன. சென்ற வாரம் அம்மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருப்பதாக அறிந்து இருவரும் சேர்ந்து சோதித்தோம். திரையின் வண்ணங்கள் மாறியிருந்தன. முப்பத்தேழில் நான்கு பொத்தான்களுக்குப் பெயர் கிடைத்திருந்தது. எஞ்சிய முப்பத்து மூன்றையும் இலக்கமிட்டு எழுதிய அடுத்த கடிதம் என் மேசைமேல் இருக்கிறது. நாளை அனுப்ப வேண்டும்.