காலந் தாழ்த்தினால் காலுக்குக் கேடு

முழங்கால் தேய்ந்து நடை தளர்ந்தோர்க்குச் செயற்கை மூட்டு பெருந்துணையாய் வந்துள்ளது. வயல் வரம்பிலே ஊன்றுகோலுடன் நின்ற கமக்காரரும், பள்ளிப் படியேற முடியாதிருந்த ஆசிரியரும் அதனால் மீண்டும் நடக்கின்றனர். ஆயினும், நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு அம்மூட்டிலே கிருமி தொற்றுகின்றது. தொகை சிறிதென்று அவர்களைக் கைவிடுதல் நீதியாகாது.

உலோகத்தில் ஒட்டிய கிருமிகள் நாளடைவில் தம்மைச் சுற்றிப் படலமொன்றை அமைத்துக்கொள்கின்றன. அப்படலம் முதிர்ந்தபின் மருந்து மாத்திரம் அவற்றை அழிக்கமாட்டாது. சத்திர சிகிச்சையே வேண்டும். தொற்றுத் தொடங்கிய சில வாரங்களுக்குள் வந்தால், மூட்டைத் திறந்து கழுவி, பழுதுற்ற இழையத்தை அகற்றி, இடையிலுள்ள பிளாஸ்டிக் பகுதியை மாற்றி, உலோகப் பகுதிகளைக் காப்பாற்ற இடமுண்டு. காலந் தாழ்த்தினால் மூட்டு முழுவதையுமே கழற்ற நேரும். ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரிலே புக்ஹோல்ஸ் என்னும் வைத்தியர், கிருமிகொல்லி கலந்த எலும்புச் சீமெந்தைக் கொண்டு, தொற்றுற்ற மூட்டை ஒரே சத்திர சிகிச்சையில் மாற்றும் வழியைக் காட்டினார். நியூயோர்க்கின் இன்சோல் குழுவினர் 1983இல் வெளியிட்ட முறையோ இரு கட்டமானது: மூட்டைக் கழற்றி, ஆறு வாரம் நாளத்தின் வழியே மருந்தேற்றி, பின்னரே புதிய மூட்டைப் பொருத்துவது.

ஆதலால், காயத்தில் நீர் கசிந்தாலோ, வீக்கமும் வலியுங் கூடினாலோ, எண்ணெய் பூசியும் மருந்துக்கடை மாத்திரையை விழுங்கியும் நாட் கழித்தலாகாது. மூட்டு நீரை எடுத்துச் சோதிக்குமுன் கிருமிகொல்லி உண்பது, விசாரணைக்கு முன்னரே தடயத்தை அழிப்பதற்கு ஒப்பாகும். எக்கிருமியென்று அறியாவிடின் எம்மருந்தென்று வைத்தியர் எவ்வாறு தீர்மானிப்பர்?

அரசினர் கடமை இதனினும் பெரிது. 1987இல் நிறைவேறிய 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை நோயாளியின் கட்டில்வரை வந்து சேரவேண்டும். வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும், அபாயக் குறிகளையும் உடனே செல்லவேண்டிய இடத்தையும் தெளிந்த தமிழில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டினாற் சத்திர சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை நாடு மறக்கவில்லை. தொற்றுற்ற மூட்டுக்கு ஒத்திவைப்பு என்பது காலையே இழக்கச் செய்யும் தண்டனையாகலாம். எனவே, மறு சிகிச்சைக்கு வேண்டிய மருந்தும், சீமெந்தும், மாற்று மூட்டும் எந்நாளும் கையிருப்பில் இருத்தல் வேண்டும்.

முதற் சிகிச்சையை அளித்த அரசு, இரண்டாஞ் சிகிச்சைக்கும் பொறுப்பேற்கக் கடமைப்பட்டது. நாம் கோருவது சலுகையன்று. தொடங்கிய கருமத்தை முடித்துத் தருமாறே கேட்கின்றோம்.