பைக்கற்றில் இருப்பது யாருடைய பெயர்?

எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கங்களின் உற்பத்திகள் விற்காமல் தேங்குவதற்குத் தரக்குறைவுதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவற்றுக்கு நிலையான ஒரு பெயர் இல்லை என்பதே பெரிய குறை.

அடம்பனில் எனக்குத் தெரிந்த ஒரு சங்கம், கட்டுக்கரைக்குளத்து நீரில் விளைந்த அரிசியை வறுத்துத் திரித்து மாவாக விற்கிறது. பெயர்ப்பலகையில் சங்கத்தின் முழுப்பெயர் இருக்கிறது. பற்றுச்சீட்டில் முதலெழுத்துகள் மட்டும். பைக்கற்றிலோ உதவி வழங்கிய நிறுவனத்தின் சின்னம் உள்ளங்கை அகலத்துக்கு. சங்கத்தின் பெயர் ஓர் ஓரத்தில், எறும்பு ஊர்ந்தது போல. உதவித் திட்டம் முடிந்ததும் அந்த லேபலும் முடிந்தது. புதிய லேபலில் வேறொரு பெயர். மன்னாரில் அந்த மாவை வாங்கிப் பழகியவர் இனிக் கடையில் எதைச் சொல்லிக் கேட்பார்? கண்ணில் படுகிற கொழும்பு மாவை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நட்டம் விடியற்காலையில் எழுந்து அடுப்போடு நிற்கும் பெண்களுக்குத்தான்.

“மா நல்லதென்றால் போதாதா, பெயரில் என்ன இருக்கிறது?” என்று என் உம்மாவே கேட்டார். மா நல்லது என்பதால்தான் பெயர் வேண்டும். கூடாத மாவுக்குப் பெயர் எதற்கு? அதை யாரும் இரண்டாம் முறை கேட்கப் போவதில்லையே!

1972இல் ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்றிருந்த நாட்டின் பெயர் ‘ஸ்ரீ லங்கா’ ஆனது. தேயிலையின் பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் உலகச் சந்தையில் அது ‘சிலோன் டீ’. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் பயிரிட்ட காலத்திலிருந்து நூறு வருடத்துக்கு மேலாக வெளிநாட்டார் நாவில் ஊறிய பெயர் அது. கலப்பில்லாமல், இங்கேயே பொதி செய்யப்பட்ட தேயிலைக்கு மட்டுமே தேயிலைச் சபை தன் சிங்கச் சின்னத்தை அனுமதிக்கிறது.

வானொலியையும் பாருங்கள். ‘றேடியோ சிலோன்’ 1967இல் கூட்டுத்தாபனமானது, 1972இல் மறுபடியும் பெயர் மாறியது. தமிழ்நாட்டு நேயர்களுக்கு அது இன்றும் ‘இலங்கை வானொலி’தான். நம் மொழியில் நாட்டின் பெயர் மாறாதது ஒரு காரணம். அறிவிப்பாளர்கள் நிலையத்தின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னொரு காரணம்.

நமக்கு மூன்று மொழிச் சிக்கலும் இருக்கிறது. தமிழில் ஒரே ‘ப’. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு எழுத்துகள். அடம்பனையே இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். ஒரு லேபலில் ஓர் எழுத்தும் முகநூலில் மற்ற எழுத்தும் இருந்தால், தேடுகிறவருக்கு அவை இரண்டு வேறு கடைகள்.

‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று எங்கள் ஊர்க் கொடியை வைத்தே ஒரு பழமொழி உண்டு. பெண்கள் திரண்டுதான் இருக்கிறார்கள். திரண்டவர்களை எந்தப் பெயரால் அழைப்பது என்பதுதான் தெரியவில்லை. உதவும் நிறுவனங்கள் தங்கள் சின்னத்தைப் பைக்கற்றின் பின்பக்கத்தில் சிறிதாகப் போட்டால் போதும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் ஒரு குறியைப் பதிந்தால் பத்து வருடப் பாதுகாப்பு கிடைக்கும், பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் எந்தப் பெயரைப் பதிவது என்று முதலில் சங்கமே முடிவு செய்ய வேண்டும்.

நம்மில் பலர் உம்மாவின் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவர்கள், லேபலைத் தொலைபேசியில் வடிவமைத்துக் கொடுப்பவர்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெயரை மூன்று மொழியிலும் எழுத்துப் பிசகாமல் ஒரு தாளில் எழுதி, அறிக்கைப் புத்தகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அச்சகத்துக்குப் போகும்போது அந்தத் தாளின் பிரதியைக் கொண்டுபோகட்டும்.